கொட்டாவி அக்காவின் வாய்

என் வேலை வாய் வைப்பது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அதுதான். 'அரைவேக்காடு' என்ற கார்ட்டூன் தொடரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இல்லையென்றால் உங்கள் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அதில் வரும் ஆட்கள் பேசும்போது முகத்தில் திறந்து மூடுகிற வாயெல்லாம் நான் வைத்தவை. குரலை முதலில் பதிவு செய்துவிடுவார்கள். அதைக் காதில் மாட்டிக்கொண்டு, இங்கே 'ம', உதடு ஒட்டட்டும், இங்கே 'ஓ', குவியட்டும் என்று ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு வாயை எடுத்துப் பொருத்த வேண்டும். தொடர் தொடங்கிய மறு வருடம் சேர்ந்தேன். அப்போது தலை கறுப்பு. இப்போது சாயம்.

தொடரைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. உருப்படாத ஒரு அப்பா, அவரையும் தூக்கிச் சாப்பிடுகிற பிள்ளைகள். கதை என்று தனியாக எதுவும் கிடையாது. அந்த வாரம் ஊரில் எது ஓடுகிறதோ அதைப் பிடித்து நக்கல் அடிப்போம். படம் வந்தால் படம், பாட்டுப் போட்டி வந்தால் பாட்டுப் போட்டி, ஒன்றும் கிடைக்காவிட்டால் பற்பசை விளம்பரம். ஆரம்பத்தில் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டு வேலை செய்தோம். பிறகு சரக்கு தீர்ந்துபோய், ஏற்கெனவே அடித்த நக்கலையே திரும்ப நக்கல் அடிக்கத் தொடங்கினோம். எங்கள் தொடரில் மீசையை முறுக்கிக்கொண்டு மாடிப்படியில் வழுக்கி விழும் போலீஸ்காரரைப் பார்த்து இன்றைய பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அதே மாதிரிப் படியில் ஒரு காலத்தில் நிஜப் படத்தில் ஒரு நடிகர் கம்பீரமாக இறங்கி வந்தார், அரங்கமே எழுந்து நின்று விசிலடித்தது என்று சொன்னால், "அப்படியா ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டுப் போனைப் பார்க்கிறார்கள். எனக்குச் சலித்துவிட்டது. சலித்துவிட்டது என்று சொல்வதும் சலித்துவிட்டது.

எங்கள் தொடரில் எல்லோருக்கும் பிடித்த ஆள் கொட்டாவி அக்கா. உலகமே அழியப் போகிறது, ஆகாயத்திலிருந்து ராட்சத ரோபோ இறங்குகிறது, மக்கள் அலறி ஓடுகிறார்கள். அந்த நேரம் பார்த்து டீவியில் ஒரு பெண் தோன்றுவாள். பெரிய கொண்டை, தோளில் குடை வடிவத்தில் ஒரு ஊசி. "வணக்கம், வானிலை" என்பாள். அடுத்த வார்த்தை வராது. கொட்டாவிதான் வரும். வாய் முகத்தைவிடப் பெரிதாகும், திரையைவிடப் பெரிதாகும். தெருவிளக்கு, பேருந்து, ரோபோ எல்லாம் அந்த வாய்க்குள் போய்விடும். உலகம் தப்பித்துவிடும். அவ்வளவுதான் ஜோக். இத்தனை வருடமாக அதற்கு வாய் வைத்துக் கொடுத்தது நான். அந்தக் கொட்டாவி அக்கா என் சித்தி.

அம்மாவின் தங்கை. நான் பள்ளியில் படித்த காலத்தில் நாட்டில் ஒரே ஒரு சேனல்தான். மாலைச் செய்தி வாசித்தவர் சித்தப்பா. அவர் முடித்ததும் பக்கத்து மேஜையிலிருந்து வானிலை வாசித்தவர் சித்தி. பள்ளியில் நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்ததற்கு இவர்கள் இரண்டு பேரும்தான் காரணம். ஒரு நாள் நேரடி ஒளிபரப்பில் சித்தி வாயைத் திறந்தார், ஊரே கேட்கும்படி ஒரு கொட்டாவி. சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார். உடனே அவரை எடுத்துவிட்டுப் பூக்களின் படம் ஒன்றைப் போட்டார்கள். மறுநாளிலிருந்து சித்தி திரையில் இல்லை. உள்ளே ஒரு அறையில் நிகழ்ச்சி நிரல் தட்டச்சு செய்ய உட்கார வைத்துவிட்டார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேயேதான் இருந்தார். சித்தப்பா மளமளவென்று மேலே போனார்.

கொஞ்ச நாள் சித்தி, "நான் விடல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். யார் நம்புவது? நாங்கள் எல்லோரும் கண்ணால் பார்த்தவர்கள் ஆயிற்றே. குடும்பம் கூடும் இடமெல்லாம் சித்தப்பாவே ஆரம்பிப்பார். "மெதுவாப் பேசுங்கப்பா, வானிலை தூங்குது." எல்லோரும் சிரிப்போம். சிரித்து முடித்து, சாப்பிட்டு, சாய்வு நாற்காலியில் கால் நீட்டி, அவர் ஒரு கொட்டாவி விடுவார். அது எங்களுக்கு இன்னொரு வேடிக்கை. 'ஆஆஆ' என்று மேலே ஏறி, 'ஹா, ஹஹா, ஹா' என்று மூன்று படி இறங்கும். குழந்தைகள் நாங்கள் அதைப் பின்னாலிருந்து செய்து காட்டுவோம்.

சித்தப்பா போன பிறகு சித்தி என்னுடன் வந்துவிட்டார். எனக்கும் கல்யாணம் ஆகி, அது முடிந்தும் போயிருந்ததால் வீட்டில் இடத்துக்குப் பஞ்சமில்லை. கூடத்தில் சித்தப்பாவின் படம், செய்தி வாசிக்கும் கோலத்தில். சித்தி வெளியே கிளம்பினால் போதும், கடையிலோ பேருந்திலோ யாராவது அடையாளம் கண்டு, "ஆன்ட்டி, ஒரே ஒரு கொட்டாவி" என்று போனை நீட்டுவார்கள். "இப்ப தூக்கம் வரலயே கண்ணு" என்பார் சித்தி, சிரித்துக்கொண்டே. உண்மையில் சித்திக்குக் கொட்டாவி வந்து நான் பார்த்ததே இல்லை. கண் சொக்கினால் எழுந்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அதை ஒரு பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

தொடரின் இருபதாவது வருடத்துக்குச் சிறப்பு அத்தியாயம் போட வேண்டும் என்று கூட்டம் நடந்தது. எங்கள் இயக்குனரைக் கத்தரி என்போம். எழுதியதில் பாதியை வெட்டாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ஆறிப்போன காபியும் கறை படிந்த மேஜையுமாக உட்கார்ந்திருந்தோம். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

"எல்லாத்தையும் கிண்டல் பண்ணியாச்சு" என்றார் கத்தரி. "மிச்சம் இருக்கறது ஒண்ணுதான். ஒரிஜினலயே காட்டுவோம். நிஜக் கொட்டாவி ஒரு பக்கம், நம்ம கொட்டாவி ஒரு பக்கம். குரலுக்கு நிஜ அக்காவையே கூட்டிட்டு வரலாம்." என் பக்கம் திரும்பினார். "உங்க சித்திதானேம்மா? கேட்டுச் சொல்லுங்க. சேனல்ல பழைய டேப்ப தேடச் சொல்லிருக்கேன்."

தேடி எடுத்தும் விட்டார்கள். சுத்தம் செய்து, கணினியில் ஏற்றி, எனக்கு அனுப்பினார்கள். கார்ட்டூன் வாயை நிஜ வாயோடு ஒட்டிப் பொருத்துவது என் பொறுப்பு.

போட்டேன். சித்தி வந்தார். இப்போதைய என்னைவிடச் சின்ன வயது. கொண்டை, குடை ஊசி, அடக்கமான சிரிப்பு. வாய் திறக்கிறது, கொட்டாவி, கை, பூக்கள். அவ்வளவுதான். இதற்கா இத்தனை வருடம் என்று இருந்தது. திரும்பப் போட்டேன், இந்த முறை படம் படமாக நகர்த்தி. என் கண் எங்கே போகும்? வாய்க்குத்தான் போகும்.

கீழுதடு மேல்பல்லைத் தொட்டு விலகுகிறது. அது 'வ'. 'வணக்கம்' சொல்லப் போகிற வாய். கொட்டாவி விடுகிற வாய் அப்படித் தொடங்காது. தாடை முதலில் இறங்கும், கண் இடுங்கும், மூக்கு விரியும். இந்த முகத்தில் அது எதுவும் இல்லை. வாய் திறந்த அதே நொடியில் ஒலி வருகிறது. வாய் திடுக்கிட்டுப் பாதியில் நிற்கிறது. மூடிக்கொள்கிறது. அதன் பிறகுதான் கை மேலே வருகிறது. கை வருவதற்குள் வாய் நன்றாக மூடிவிட்டது. கொட்டாவியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

சித்தியின் கண் கேமராவைப் பார்க்கவில்லை. இடது பக்கம் பார்த்தது. இடது பக்கம் செய்தி மேஜை. செய்தி முடிந்தும் அந்த மேஜையின் மைக்கை யாரோ அணைக்க மறந்திருக்கிறார்கள். அந்தக் காலத்து டீவிப் பெட்டியின் கரகரப்பில் ஆண் கொட்டாவி என்ன, பெண் கொட்டாவி என்ன, திரையில் யார் முகம் இருந்ததோ அவர் தலையில் விழுந்துவிட்டது. ஹெட்போனை அழுத்திக்கொண்டு முடிவு வரை கேட்டேன். ஹா, ஹஹா, ஹா. மூன்று படி.

ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். கோபமா, வெட்கமா என்று தெரியவில்லை. அந்த வாயை அகலமாகத் திறந்து திறந்து வைத்தது என் கைதான்.

வீட்டுக்குப் போனபோது சித்தி கட்டிலில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை நான்.

"சித்தி, டேப் பாத்தேன். நீங்க விடல."

சித்தி ஒரு துண்டை உதறி நான்காக மடித்தார். "அதத்தானே அன்னைக்கே சொன்னேன்."

"விட்டது சித்தப்பா."

"ஆமா."

"ஆமாவா? தெரிஞ்சுகிட்டேவா இத்தன வருஷம் சும்மா இருந்தீங்க? அவர் வாயால ஒரு வார்த்த சொல்லிருந்தா போதுமே! உங்க பொழப்பக் கெடுத்துட்டு, ஊர் முன்னாடி உங்களயே கேலி பண்ணாரே, அவருக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"கத்தாத. காது கேக்குது." அடுத்த துணியை எடுத்தார். "அன்னைக்கு வீட்டுக்கு வர்ற வழியில கேட்டேன், சொல்லிடுவீங்கல்லன்னு. நாளைக்குச் சொல்றேன்னார். மறுநாளும் நாளைக்குன்னார். அடுத்த வாரம் அவருக்குப் பெரிய செய்தி வாசிக்கக் குடுக்கறதா இருந்துச்சு. நானும் போகட்டும்னு விட்டேன். ரெண்டு பேர்ல ஒருத்தராவது நிக்கட்டுமேன்னு."

"சரி, அப்புறமாவது?"

"அப்புறம் அவருக்கே கூச்சமா இருந்துச்சு. கூச்சத்த மறைக்கத்தான் அந்தக் கிண்டல்லாம். அது எனக்குத் தெரியும், அதனால தாங்கிக்கிட்டேன்." சித்தியின் கை நின்றது. "உங்க கார்ட்டூன் வந்துச்சு பாரு. முதல் தடவ அந்தப் பொம்மை கொட்டாவி விட்டப்ப, உங்க சித்தப்பா சிரிச்சார். கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சார். 'அப்படியே நீதான்'னார். அந்தச் சிரிப்புல கூச்சமே இல்லடி. அப்பதான் புரிஞ்சுது, மறந்துட்டார். நான்தான் விட்டேன்னு நெசமாவே நம்பிட்டார். வாசிக்கற வேலை போனதக்கூடத் தாங்கிக்கிட்டேன். இதத்தான் என்னால தாங்க முடியல. இந்த உலகத்துல அது தெரிஞ்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் போயிட்டார், உயிரோட இருக்கும்போதே."

எனக்கு அழுகை வந்தது. சித்திக்கு வரவில்லை. மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தார்.

"அந்த டேப்பக் காட்டுவோம் சித்தி. நானே எல்லார்கிட்டயும் வெளக்கிச் சொல்றேன்."

"வேணாம். செத்துப்போன மனுஷன இழுத்துட்டு வந்து தெருவுல நிக்க வெக்கணுமா? அவர நெனச்சா எனக்குக் கோபம்தான். ஆனா அது என் கோபம். ஊரு வந்து பங்கு போட்டுக்க வேணாம்."

"அப்ப இப்படியே விட்டுடறதா?"

சித்தி கடைசித் துணியையும் மடித்து வைத்தார். கூடத்துப் படத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"டேப் வேணாம்னு சொல்லிடு. நான் வந்து பேசறேன்னு சொல்லு. ஆனா என் வாய மூடி வை. அது உன் வேலதானே?"

கத்தரியிடம் சொன்னேன். டேப் இல்லை என்றதும் முகம் சுருங்கினார். நிஜ அக்கா குரல் தருகிறார் என்றதும் விரிந்தது. வாயை மூடி வைப்பது பற்றிச் சொன்னபோது என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாயத் தொறக்காத கொட்டாவி அக்காவா? யாருக்கும்மா புரியும்? ஜனங்களுக்குத் தெரிஞ்சது அந்த வாய்தான். அத மூடிட்டா ஒண்ணுமே இல்ல. வழக்கம்போல வைங்க."

சரி என்று தலையாட்டினேன். எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் அலுப்பு, ஆகவே தலையாட்டினால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

பதிவு நாளன்று சித்தி நல்ல உடை உடுத்தி, பெட்டியின் அடியிலிருந்து குடை ஊசியைத் தேடி எடுத்துக் குத்திக்கொண்டார். குரல் மட்டும்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று இளசுகள் கிசுகிசுத்தார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவரை உட்கார வைத்தோம். இந்தப் பக்கம் கத்தரி, ஒலிப்பதிவுக்காரர், நான்.

"நல்லா இழுத்து விடுங்கம்மா" என்றார் கத்தரி. "ஊரே உள்ள போயிடணும்."

சித்தி தாளைப் பார்க்கவில்லை. "வணக்கம்" என்றார். அத்தனை வருடம் தட்டச்சு அறையில் பூட்டி வைத்த குரல், துருப்பிடிக்காமல் அப்படியே வந்தது. "வானிலை." பிறகு கொட்டாவியைக் குரலில் செய்து காட்டினார். ஆஆஆ என்று மேலே ஏறி, ஹா, ஹஹா, ஹா.

சித்தப்பா அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. சாய்வு நாற்காலியும் ஞாயிறு மதியமும் எல்லாம் வந்துவிட்டன. எத்தனை வருடம் பக்கத்தில் படுத்துக் கேட்டிருந்தால் அவ்வளவு துல்லியமாக வரும்! ஒலிப்பதிவுக்காரர் கைதட்டினார். அவருக்கும் கொட்டாவி தொற்றிக்கொண்டது, கத்தரிக்கும், எனக்கும்கூட. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சித்தி மட்டும் வாயை இறுக மூடி உட்கார்ந்திருந்தார்.

"பிரமாதம்மா! போதும்!"

சித்தி நிறுத்தவில்லை. "இன்றிரவு வானம் தெளிவாக இருக்கும். மழைக்கு வாய்ப்பு இல்லை. நாளை பகலில் மிதமான வெயில். கடலுக்குப் போகிறவர்களுக்கு எச்சரிக்கை எதுவும் இல்லை. நன்றி, வணக்கம்."

"இது எழுதிக் குடுத்ததுல இல்லயே?" என்றார் கத்தரி.

"அன்னைக்கு வாசிக்க விடல தம்பி. மனப்பாடமா இருந்துச்சு, முடிச்சுட்டேன்."

கத்தரி வாழ்க்கையில் முதல் முறையாக எதையும் வெட்டவில்லை. கடைசியில் பெயர்கள் ஓடும்போது வைத்துக்கொள்ளலாம் என்றார்.

நான் வாய் வைக்க உட்கார்ந்தேன். 'வணக்கம், வானிலை' வரைக்கும் ஒழுங்காக வைத்தேன். கொட்டாவி வந்தது. கணினியில் வாய்களை அடுக்கி வைத்திருக்கும் தட்டில் அந்தப் பெரிய வாய் தயாராக இருந்தது, இத்தனை வருடமாக எடுத்துப் போட்டுப் பழகிய வாய். அதைத் தொடவில்லை. மூடிய வாயை எடுத்து வைத்தேன். கொட்டாவி முடிகிறவரை மூடிய வாய். கண்ணை மட்டும் இடது பக்கம் திருப்பினேன். ஏறி இறங்கி மூன்று படியும் முடியும்வரை அவள் பொறுமையாக நின்றாள். பிறகு வானிலை. அந்த வானிலைக்கு நான் வைத்த வாய்கள்போல அதற்கு முன்னும் வைத்ததில்லை, இனியும் வைக்க மாட்டேன். 'தெளிவாக' என்ற சொல்லில் நாக்கு மேலண்ணத்தைத் தொடுவதுகூடத் தெரியும். கொடுக்க வேண்டிய கடைசி நாள் அது. எல்லோரும் சோர்ந்திருந்தார்கள். ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை. போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாங்கள் இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்து பார்த்தோம். சித்தி நடுவில் எங்கும் சிரிக்கவில்லை. ரோபோ இறங்கியது, மக்கள் ஓடினார்கள், கொட்டாவி அக்கா வந்தாள். கொட்டாவி கேட்டது. வாய் மூடியிருந்தது. சித்தி முன்னால் சாய்ந்தார். திரையில் இருந்தவள் இடது பக்கம் பார்த்தபடி காத்திருந்தாள். தெருவிளக்கும் பேருந்தும் போக வாய் இல்லாமல் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தன. பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் வானிலை வந்தது. சித்தியின் உதடும் கூடவே அசைந்தது, சத்தமில்லாமல்.

முடிவதற்குள் என் போன் அடித்தது. கத்தரி.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கீங்க? வாய் தொறக்கவே இல்ல! ஊர்ல ஒருத்தன் விடாம எழுதறான், இருபது வருஷத்துல இப்படி ஒரு தப்பான்னு. நம்மளயே கிண்டல் பண்ணி படம் போட ஆரம்பிச்சுட்டாங்க. வாய் எங்கம்மா?"

"மூடித்தாங்க இருக்கும். அவங்க விடல."

"என்னது?"

"கொட்டாவி. அவங்க விடல."

"நாளைக்கு வந்து பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டார். நாளைக்கு என் வேலை இருக்கலாம், போகலாம். எனக்கு அப்போது இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது.

"திட்டினாரா?" என்று கேட்டார் சித்தி.

"தப்பு பண்ணிட்டேன்னு சொன்னார்."

"பழி உன் மேலயா?" சித்தி என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "நீயாவது நாளைக்கே போய், சித்திதான் வாய மூடச் சொன்னாங்கன்னு சொல்லிடு. தள்ளிப் போடாத."

டீவியில் வேறு ஏதோ விளம்பரம் ஓடியது. நான் அதை அணைத்தேன். சித்தி சோபாவில் சாய்ந்தார், கால்களை நீட்டினார். அவர் தாடை மெல்ல இறங்கியது. கண் இடுங்கியது, மூக்கு விரிந்தது. எழுந்து அறைக்குப் போகவில்லை, கையால் மறைக்கவும் இல்லை. சின்னக் கொட்டாவிதான். படியெல்லாம் இல்லை, ஒரே மூச்சில் முடிந்துவிட்டது.

சித்தி கொட்டாவி விட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.